மூடி திறக்காத பாட்டில்

செவிலி மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் பையை அவள் தன் பக்கம் இழுத்தபோது உள்ளே கண்ணாடி எதன்மேலோ மோதி ஓசை எழுப்பியது. அண்ணனுக்குக் கண்ணாடி வேலை. ஜன்னல், கதவு, அலமாரி என்று ஊரெல்லாம் போய்க் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். ஏதாவது துண்டு கிடக்கும், கையைக் கிழித்துவிடக் கூடாதே என்று மெதுவாக விரல்களை விட்டாள். சட்டை, பெல்ட், ஒற்றைச் செருப்பு, கண்ணாடி வெட்டும் கட்டர். எல்லாவற்றுக்கும் அடியில், வழுவழுப்பாக, கழுத்து குறுகிய ஒன்று. வெளியே எடுக்காமலேயே அது என்னவென்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள் செவிலி. அவள் பார்க்கவில்லை. கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

சற்று முன்னால்தான் அதே இடத்தில் ஓர் இளவயது டாக்டர் அவளை நிறுத்தி, அண்ணன் போய்விட்டதைச் சொல்லியிருந்தார். இதயம் முன்பே களைத்துப்போயிருந்தது, எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டே, "குடிப்பாரா?" என்று கேட்டார்.

"குடிச்சிட்டு இருந்தார். விட்டுட்டார்."

"எவ்வளவு நாளாச்சு?"

"சில வருஷம் இருக்கும். அவர் எண்ணினதில்ல."

அந்தப் பதிலைச் சொல்லும்போது, துக்கத்துக்கு நடுவிலும், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது பை கனத்தது.

கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். மூடியைச் சுற்றிய சீல் அப்படியே இருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை. அதை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு சட்டையை விரித்து முகர்ந்தாள். கழுத்துப்பட்டை, மார்பு, கை மடிப்பு. ஜன்னல் கண்ணாடியை ஒட்டவைக்கும் மக்குப் பசையின் எண்ணெய் வாடை, வியர்வை, துணி சோப்பு. வேறு ஒன்றும் இல்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை முகர்ந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

அவளுக்கு இது பழகிய வேலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவள். துணி சரியாக அலசியிருக்கிறதா என்று மூக்கால் கண்டுபிடிப்பதில் அங்கே அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அண்ணன் சட்டையை முகரத் தொடங்கியது அந்தத் திறமையால் அல்ல.

அவர் அவள் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். நல்ல தெருவில் இருந்த கடை கைமாறிவிட்டது. கை நடுக்கத்தால் கண்ணாடிமேல் ஒரு நேர்கோடு இழுக்க முடியவில்லை. பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தபோது அவளோ அவள் கணவரோ பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. தெருவில் கிடக்காமல் வீட்டில் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள்.

முதலில் அவர் செய்தது போர்வையை மடித்ததுதான். காலையில் எழுந்ததும் நான்கு மூலையும் சேர்த்து, ஓரங்களை விரலால் நீவி, அலமாரியில் அடுக்குவதுபோல மடித்துத் தலையணைமேல் வைப்பார். வேறு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. அவள் கணவர் பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிறவர். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர். "போர்வைய மடிச்சா குடி போயிடுமா மச்சான்?" என்று கேட்டார்.

"போகாது மாப்ள. மடிச்சு முடிக்கிற வரைக்கும் குடிக்க மாட்டேன்ல."

அப்புறம் தான் குடித்த டம்ளரைத் தானே கழுவினார். அப்புறம் வேலைக்குப் போக நீளமான பாதையைப் பிடித்தார். குறுக்கு வழியில் மதுக்கடை இருந்தது. மீன் அங்காடியைச் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டி அவர் போகும் வழி இரண்டு மடங்கு தூரம். மழையானாலும் அப்படித்தான் போவார். சாயங்காலம் மற்றவர்கள் காபி குடிக்கும் நேரத்தில் அவர் கைகள் எதையோ தேடத் தொடங்கும். அப்போது ஒரு துணியை நனைத்துக்கொண்டு வீட்டு ஜன்னல்களைத் துடைக்க ஆரம்பிப்பார். உள்ளே, வெளியே, மூலையில் தேங்கும் தூசி வரை. தெருவிலேயே அவர்கள் வீட்டு ஜன்னல்தான் சுத்தம். திறந்திருக்கிறது என்று நினைத்து அவள் கணவர் ஒரு தடவை வராந்தாக் கதவில் நெற்றியை மோதிக்கொண்டார். கண்ணாடி இருப்பதற்கு அடையாளமாகக் கொஞ்சம் அழுக்காவது விட்டுவையுங்கள் என்று வீங்கிய நெற்றியோடு மன்றாடினார்.

நடுவில் விழவும் செய்தார். ஒன்றிரண்டு தடவை இல்லை. இரவு யாராவது கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விடுவார்கள். மறுநாள் கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும் எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாகப் போர்வையின் மூலைகளைத் தேடுவார். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்காது. பிறகு விழுவது குறைந்தது. பிறகு நின்றது. எப்போது நின்றது என்று குறித்து வைக்க அவர் விடவில்லை. எண்ணத் தொடங்கினால், இவ்வளவு நாள் இருந்துவிட்டோமே, இன்று ஒருநாள் போனால் என்ன என்று புத்தி பேரம் பேசும் என்பார்.

அவள்தான் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தாள். துவைக்கப் போடும்போது, யாரும் பார்க்காத நேரமாக. ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி, உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, தன் அறைக் கதவுக்கு வெளியே இருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முகர்ந்தாள். வருஷக்கணக்கில், ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், அந்த ஆணியைத் தாண்டும்போது அவள் முகம் தானாகத் திரும்பும். அவர் ஒன்றை விட்டுப் பத்தைப் பழகிக்கொண்டார். அவளால் இந்த முகர்கிற பழக்கம் ஒன்றை விட முடியவில்லை.

*

உடலை மறுநாள்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நல்லதுதான், அண்ணன் மகள் வந்து சேர நேரம் வேண்டும். வீட்டுக்குத் திரும்பியதும் அவள் முதலில் பாட்டிலை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். வருகிறவர்களுக்குச் சமைக்கிறேன் என்று கணவர் கிளம்பினால் என்ன செய்வது என்று தோன்றியதும் எடுத்துத் துணிக் கூடைக்கு மாற்றினாள். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கூடைக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் போனதும் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் வைத்தாள். அங்கேயும் மனம் ஒப்பவில்லை.

அண்ணன் மகளுக்குப் போன் செய்தாள். அவளைச் சின்ன வயதிலிருந்தே சில்லு என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடைக்குள் தவழ்ந்து வளர்ந்த பிள்ளை. கீழே கிடக்கும் சில்லுக்கெல்லாம் தப்பியவள் என்று அப்பன் வைத்த பெயர். இப்போது தூரத்து நகரம் ஒன்றில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். செய்தியைக் கேட்டதும் அவள் அழவில்லை. பின்னணியில் தண்ணீர்ச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. "எப்படி?" என்று மட்டும் கேட்டாள். இதயம் என்றாள் அத்தை. "எங்க?" என்றாள் சில்லு. வேலைக்குப் போகிற வழியில் என்றாள் அத்தை. அது பொய்யில்லை. ஆனால் அவர் விழுந்தது மதுக்கடையின் படியில் என்பதை அவள் சொல்லவில்லை.

அவள் சொல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல மனிதர், கடைசியில் அந்தக் கடை வாசலிலா போய்ச் சேர வேண்டும் என்று வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம்தான். அதனால் அது இன்னும் உறுத்தியது. அவர் போன பிறகு கணவர் அவளைப் பார்க்காமல், விழுந்து எழுந்தவர்தானே, ஒருநாள் சறுக்கியிருந்தாலும் மனிதர் கெட்டவராகிவிட மாட்டார் என்றார். தேறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அவர்மேல் கையில் இருந்த கரண்டியை எறிய வேண்டும்போல் இருந்தது.

பெருக்கிய அறையை மறுபடி பெருக்கினாள். அண்ணன் அறைக் கதவுவரை போய்த் திறக்காமல் திரும்பினாள். மகள் நாளைக்கு வருவாள். வந்து கேட்பாள். சின்ன வயதில் அப்பா வருகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பெண். அம்மாவுக்குத் தெரியாமல் இந்தச் சில வருஷமாகத்தான் அப்பாவோடு போனில் பேசுகிறாள். அதுவும், அவர் திருந்திவிட்டார் என்று அத்தை அடித்துச் சொன்ன பிறகு. அந்தச் சொல்லுக்கு இனி என்ன மதிப்பு?

வெளிச்சம் மங்குவதற்குள் பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இப்போதே வந்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, குறுக்கு வழியில் நடந்தாள்.

அந்தக் கடைக்குள் அவள் இதற்கு முன் நுழைந்ததில்லை. நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. கல்லாவில் இருந்தவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விலகி நின்றார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, காலையில் இங்கே ஒருவர் விழுந்தாரே என்று கேட்டாள்.

ஆமாம், நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்றார் அவர். இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

"போயிட்டார். நான் தங்கச்சி."

கடைக்காரர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தே விட்டார். அவளை உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"உங்க கடைக்கு வழக்கமா வருவாரா?"

"இல்லங்க. நான் இங்க வந்ததுலேர்ந்து அவர பாத்ததே இல்ல. இன்னிக்குத்தான்."

அவர் நடந்ததைச் சொன்னார். கதவைத் திறந்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றாராம். பேரைச் சொல்லாமல் விரலை நீட்டிக் காட்டினாராம். பையில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் நெடுநேரம் படியிலேயே நின்றாராம். பஸ்ஸுக்கு நிற்கிறார்போல என்று இவர் விட்டுவிட்டாராம்.

"அப்புறம் திரும்பி உள்ள வந்தார்," என்றார். "இத திருப்பி எடுத்துக்க முடியுமான்னு கேட்டார். வித்தத வாங்குற வழக்கம் இல்லன்னேன். காசு வேணாம், பாட்டில மட்டும் வாங்கிக்கங்கன்னார். அதெப்படிங்க, சரக்கு இருப்புக் கணக்குல இடிக்கும்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"பரவாயில்ல தம்பின்னார். திட்டல, கெஞ்சல. சாதாரணமாத்தான் சொன்னார். திரும்பிப் போயி கீழ்ப்படியில கால வச்சார்…"

கடைக்காரர் கல்லாவின் மேலிருந்த சாவிக் கொத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு, உங்களிடம் அது இருந்தால் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் கை பையின் ஜிப்பைத் தொட்டது. காலையில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்று நாக்கின் நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். பகல் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"வேணாம்," என்றாள். "ஆம்புலன்ஸ கூப்பிட்டீங்களே, அதுவே பெருசு."

வெளியே வந்து அந்தப் படிகளைப் பார்த்தாள். வெறும் மூன்று படிகள். வீட்டுக்குப் போகாமல் மீன் அங்காடிப் பக்கம் நடந்தாள். அண்ணன் போகும் பாதை இது என்பது பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அங்காடியின் ஈரத்தில் கால் வழுக்கியது. பள்ளிக்கூடத்துப் பின்சுவர் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனது. தினமும் இவ்வளவு தூரமா நடந்தார் என்று அவளுக்கு மூச்சு வாங்கியது.

*

தகனம் மறுநாள் நடந்தது. கூட்டம் அதிகம் இல்லை. அவர் கண்ணாடி போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்கள் சிலர், டெப்போவிலிருந்து கணவரின் நண்பர்கள், அவளோடு வேலை செய்யும் பெண்கள். சில்லு காலைப் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். அகன்ற தோள்கள், குட்டையாக வெட்டிய முடி. அப்பாவின் முகத்தை நெருங்கிக் குனிந்து பார்த்தாள். அவள் மூக்கு லேசாகச் சுருங்கி விரிந்ததைப் பக்கத்தில் நின்ற அத்தை மட்டும் கவனித்தாள். அந்தச் சின்ன அசைவு என்னவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, எல்லோரும் போய், கணவரும் களைத்துப்போய்ச் சாய்ந்த பிறகு அடுக்களையில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். தட்டில் வைத்த சோற்றைச் சில்லு பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அத்தை, கடைசியில குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"நெஜமா சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எதுன்னு தெரிஞ்சாப் போதும்."

இல்லை என்பது உண்மைதான். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாருக்கும் குறைவு வராது. அத்தை எழுந்து போய், பழைய திரைச்சீலைகள் கட்டிவைத்த மூட்டைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சில்லுவின் கை பிசைவதை நிறுத்தியது.

கடைக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வாங்கினார் என்பதையும் சொன்னாள். சில்லு சோற்றுக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மூடியின் சீலைத் தடவியபடி கேட்டாள்.

"திருப்பிக் குடுக்கப் போனாரா?"

"ஆமா."

"வாங்கிக்கலயா?"

"வழக்கம் இல்லையாம்."

சில்லுவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். உட்காரவில்லை.

"முந்தாநாள் சாயங்காலம் நான் அப்பாக்குப் போன் பண்ணேன்," என்றாள்.

அவள் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். குளியலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அந்த ஊரில் கண்ணாடிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"வந்து போட்டுக் குடுங்கப்பான்னேன். வந்தா ஒரு வாரம் இருந்துட்டுப் போங்கன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் சொன்னார். 'கஷ்டம் வந்தா என்ன செய்யணும்னு பழகி வச்சிருக்கேன் சில்லு. சந்தோஷம் வந்தா என்ன செய்யறதுன்னுதான் தெரியல.' நான் சிரிச்சேன் அத்தை. தமாஷுக்குச் சொல்றார்னு நெனச்சேன்."

அத்தைக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அண்ணன் ஜன்னல்களை ஒரு சுற்றுத் துடைத்து முடித்து, உடனே இன்னொரு சுற்றுத் தொடங்கினார். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தார். என்ன ஆயிற்று என்று அவள் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, கொஞ்சம் வேலை இருக்கிறது என்று அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் உள்ளே நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளிடம் அவர் இதைச் சொல்லவில்லை. மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாரோ என்னவோ.

"நான் கூப்பிடாம இருந்திருந்தா..." என்று தொடங்கினாள் சில்லு.

"கூப்பிட்டது நல்லது," என்றாள் அத்தை. தட்டை எடுத்துப் போய்ச் சோற்றை மாற்றிப் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

சில்லு சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள். பிறகு பாட்டிலைத் தொட்டிக்குக் கொண்டுபோய் மூடியைத் திருகினாள். நெடி கிளம்பியதும் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் நடுங்காமல் கவிழ்த்துப் பிடித்திருந்தது. காலியானதும் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினாள். சோப்புப் போட்டாள். மறுபடி குலுக்கினாள். போதும் என்று அத்தை குழாயை மூடும்வரை அவள் அலசிக்கொண்டே இருந்தாள்.

*

மறுநாள் சில்லுவுக்குப் பகல் பஸ். கிளம்புவதற்கு முன் அப்பாவின் அறையைப் பார்க்கிறேன் என்றாள். இரண்டு நாளாகத் திறக்காத கதவை அத்தை திறந்துவிட்டாள்.

அறையில் பார்க்க அதிகம் இல்லை. கட்டில், ஒரு மேசை, மேசைக்கு அடியில் மக்கு டப்பாக்கள். சுவரோரம் பழைய துணியில் சுற்றி, கயிறு கட்டி, சதுரமாக ஒன்று சாய்த்து வைத்திருந்தது. சில்லு கயிற்றைத் தளர்த்தித் துணியை விலக்கினாள். சொரசொரப்பான வெள்ளைக் கண்ணாடி, குளியலறைக்குப் போடுவது. நான்கு ஓரமும் விரலைக் கிழிக்காதபடி தேய்த்து விட்டிருந்தது. அவள் கைகளை அகட்டி அளந்து பார்த்தாள்.

"என்னோட ஜன்னல்," என்றாள். "போன்லயே அளவு கேட்டார். ரெண்டு தடவ கேட்டார்."

கணவர் வந்து பார்த்துவிட்டு, பஸ்ஸில் இதை எப்படிக் கொண்டுபோவாய், இன்னொரு நாள் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றார். கொண்டுபோகிறேன் மாமா என்று சொல்லிவிட்டாள் சில்லு. அவள் குரலில் அவர் அதற்குமேல் பேச இடம் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து தோல் கையுறைகளை எடுத்தார். ஒரு ஜோடிதான் இருந்தது. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். வலது சில்லுவுக்கு, இடது அத்தைக்கு.

தெருவில் அத்தையும் சில்லுவும் கண்ணாடியை நடுவில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக நடந்தார்கள். கனம் அதிகம் இல்லை. ஆனால் ஒருவர் வேகம் மற்றவருக்கு ஒத்துவர வேண்டியிருந்தது. நீந்துகிறவளின் கால் நீளம். மெதுவாப் போம்மா என்று அத்தை இரண்டு தடவை சொன்னாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கியே நின்றார். கடைவீதியைத் தாண்டும்போது யாரோ, பார்த்து, பார்த்து என்று பொதுவாகச் சொன்னார்கள்.

பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் முதலில் ஏற்ற மறுத்தார். உடைந்தால் யார் பொறுப்பு என்றார். மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், கீழே வைக்க மாட்டேன் என்று சில்லு சொன்னாள். எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டார். கடைசி நிறுத்தம் என்றாள். அவர் அவள் முகத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பின்னால் போகாதே, குலுங்கும், இங்கே என் பக்கத்து சீட்டில் உட்கார் என்றார்.

பஸ் கிளம்பியது. உள்ளே சில்லு இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். கையசைக்க அவளால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அத்தை பதிலுக்குக் கையைத் தூக்கினாள். அவள் கையில் இடது கையுறை அப்படியே இருந்தது. விரல்கள் நுனிவரை எட்டாத பெரிய கையுறை. பஸ் திருப்பத்தில் மறைந்தது. அடுத்த பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் அதைக் கழற்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.